175ஆம் பிரிவு: ஒரு சட்டத்தின் வரலாறும் தொழிலாளர் இயக்கமும்

ஜேர்மானியப் பேரரசின் தண்டனைச் சட்டக்கோவையில் 175 என்னும் இலக்கமிடப்பட்ட பிரிவு ஒன்றிருந்தது. ஆணும் ஆணும் கொள்ளும் உடலுறவை இயற்கைக்கு மாறான ஒழுக்கக்கேடு எனப் பெயரிட்டு, மனிதன் விலங்கொடு கொள்ளும் உறவையும் அதே வாக்கியத்தில் சேர்த்துக் கட்டி, இரண்டுக்கும் சிறைத்தண்டனை விதித்தது அப்பிரிவு. 1872 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அது 1994 ஜூன் மாதத்திலேதான் முற்றாக ஒழிந்தது. இடைப்பட்ட 122 ஆண்டுகளில் முடியாட்சி வீழ்ந்தது. குடியரசொன்று பிறந்து மடிந்தது. பாசிசம் தலைவிரித்தாடி அழிந்தது. நாடு இரண்டாய்ப் பிளந்து மீண்டும் ஒன்றாயிற்று. இத்தனைக்கும் பின்னும் அப்பிரிவு உயிரோடிருந்தது. தன்பால் விழைவோர் தொடர்பான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதேன், ஒரே நாட்டிலும் காலத்துக்குக் காலம் மாறுவதேன் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு இதனினும் சிறந்த பாடநூல் கிடைத்தல் அரிது. தொழிலாளி வர்க்க இயக்கத்தின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே இதிற் பதிந்துள்ளன என்பதனால், நம்மனோர் இதனைப் படிப்பது இன்னும் அவசியமாகின்றது.

இச்சட்டம் ஜேர்மானிய மக்களின் தொன்மையான ஒழுக்கவுணர்விலிருந்து பிறந்தது என்று அதன் காவலர்கள் எக்காலத்தும் கூறிவந்தனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1791ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை, தேவாலயம் பாவமெனக் கருதியவற்றை அரசு தண்டிக்க வேண்டியதில்லை என்ற கொள்கைப்படி, இக்குற்றத்தைப் பற்றிப் பேசாமலே விட்டுவிட்டது. நெப்போலியனின் 1810ஆம் ஆண்டுச் சட்டக்கோவையும் அவ்வழியே சென்றது. அதன் காற்று தென் ஜேர்மனியிலும் வீசிற்று. 1813இல் பவேரியாவின் புதிய சட்டக்கோவையை வரைந்த அன்செல்ம் ஃபொயர்பாக் என்னும் சட்ட அறிஞர், பிறர் உரிமைக்கு ஊறு செய்யாத செயலைக் குற்றமாக்குவதற்கு அரசுக்கு அதிகாரமில்லை எனக் கொண்டு அக்குற்றத்தை நீக்கினார். மார்க்சின் ஆய்வுரைகளால் நாமெல்லாம் பெயரறிந்த தத்துவஞானி லுட்விக் ஃபொயர்பாக்கின் தந்தையார்தாம் இவர். ஹனோவரிலும் பின்னர் இத்தகைய தளர்வு ஏற்பட்டது. பிரஷ்யாவோ மரண தண்டனையை 1794இல் கைவிட்டதேயன்றிக் குற்றத்தைக் கைவிடவில்லை. 1851ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் அதனை உறுதியாக நிலைநாட்டிக் கொண்டது. ஆக, ஒரே மொழி பேசிய ஒரே இன மக்களிடையே, ஆற்றுக்கு இப்பால் குற்றமாயிருந்தது அப்பால் குற்றமன்று என்ற நிலை அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிற்று. மக்களின் ஒழுக்கவுணர்வு எல்லைக் கம்பத்தைக் கண்டதும் மாறிவிடுமோ!

பிஸ்மார்க் வாளாலும் இரும்பாலும் ஜேர்மனியை ஒன்றாக்கியபோது, பிரஷ்யாவின் சிறைக்கதவுகளும் தெற்கு நோக்கிப் பயணமாயின. வரவிருந்த ஆபத்தை முன்னுணர்ந்தவர் ஒருவர் இருந்தார். ஹனோவரைச் சேர்ந்த சட்டவறிஞர் கார்ல் ஹைன்றிக் உல்ரிக்ஸ், தன் தாயகத்தைப் பிரஷ்யா விழுங்கியதை எதிர்த்துச் சிறை சென்றவர். தானும் தன்பால் விழைவோன் என்பதை மறையாதவர். 1867 ஓகஸ்ட் 29ஆந் திகதி மியூனிக் நகரில் கூடிய ஜேர்மானியச் சட்டவறிஞர் மாநாட்டிலே எழுந்து நின்று, இச்சட்டம் நிரபராதிகளைத் தண்டிக்கின்றது, இதனை ஒழிக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார். சபையோரின் கூச்சல் அவரைப் பேசி முடிக்க விடவில்லை. நவீன காலத்தில் இவ்வுரிமைக்காகப் பொதுமேடையில் எழுந்த முதற் குரல்களுள் அது ஒன்று. ஈராண்டின் பின் பிரஷ்ய அரசு தன் மருத்துவ நிபுணர் சபையின் கருத்தைக் கேட்டது. உயிரணு நோயியலின் தந்தையெனப் போற்றப்படும் ருடோல்ஃப் விர்க்கோவும் அச்சபையில் இருந்தார். இச்செயலைத் தனியே எடுத்துத் தண்டிப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை என்றது சபை. அரசு அதனை ஓரத்தில் வைத்துவிட்டு, மக்களின் நீதியுணர்வு இதனைக் குற்றமெனக் கருதுகின்றது என்ற காரணத்தைக் காட்டிச் சட்டத்தைப் பேரரசு முழுமைக்கும் விரித்தது. பவேரியனுக்கு 58 ஆண்டுகளாயிருந்த சுதந்திரம் ஒரே இரவில் பறிபோயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே இச்சட்டத்தை எதிர்த்து 1869இல் கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தின் வழியாக அச்சேறியது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் தொழிலாளர் இயக்கம் எங்கே நின்றது? உண்மையை மறைப்பதாற் பயனில்லை. மார்க்ஸ் அனுப்பிய உல்ரிக்ஸின் நூலைப் படித்த எங்கெல்ஸ், 1869 ஜூன் மாதத்தில் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் அதனைக் கொச்சையான கேலிக்கு உரியதாக்கினார். உழைப்பின் விடுதலைக்கு வழிகண்ட அம்மேதையின் பார்வை இவ்விடத்தே தன் காலத்துச் சராசரிக் கனவானின் பார்வையைத் தாண்டவில்லை. ஆனால், இயக்கம் முழுவதும் அப்படியிருந்ததென்று கூறுவதும் தவறாகும். 1862இல் மான்ஹைம் நகரப் பூங்கா ஒன்றில் இக்குற்றச்சாட்டின்பேரிற் பிடிபட்டுச் சிறை சென்ற ஷ்வைட்சர் என்னும் வழக்கறிஞரைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து விலக்க வேண்டுமென்று பலர் கூக்குரலிட்டபோது, லசால் அவர் பக்கம் நின்றார். அந்த ஷ்வைட்சரே 1867இல் அச்சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிலாளர்கள் அவருடைய அரசியலைப் பார்த்தனர்; படுக்கையறையைப் பார்க்கவில்லை.

1897 மே மாதத்தில் மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் யூத வைத்தியர் பேர்லினில் அமைத்த விஞ்ஞான மனிதாபிமானக் குழுவோடு போராட்டம் ஒழுங்கான உருவம் பெற்றது. 175ஆம் பிரிவை நீக்கக் கோரும் விண்ணப்பம் ஒன்றை அக்குழு சுற்றுக்கு விட்டது. அதிற் கையொப்பமிட்ட முதல்வர்களுள் ஒருவர் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓகஸ்ட் பேபல். கடைசற் பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, பெண்ணும் சமதர்மமும் பற்றி நூலெழுதி உலகப் புகழ் பெற்ற அவர், 1898 ஜனவரி 13ஆந் திகதி பாராளுமன்றத்திலே இப்பொருளை எழுப்பினார். ஒழுக்கம் பற்றிய உபதேசம் எதனையும் அவர் செய்யவில்லை. பொலிசார் தம் கடமையை ஒழுங்காகச் செய்தால் பேர்லினுக்கு மட்டுமே புதிதாக இரு சிறைச்சாலைகள் கட்ட வேண்டிவரும் என்றார். குற்றவாளிகள் சமூகத்தின் அடித்தட்டிலிருந்து மிக உயர்ந்த இடம் வரை பரந்திருக்கின்றனர். பொலிசாரிடம் பெயர்ப்பட்டியல் உண்டு. ஆயினும் பெரிய இடத்துப் பெயர்கள் வெளிவருவதில்லை என்று சுட்டினார். ஆளப்படுவோனை மிரட்டவும் ஆள்வோனைக் காக்கவும் பயன்படும் சட்டம் எத்தகையது என்பதை வர்க்கக் கண்கொண்டு நோக்கியவர் அவர். உலகப் பாராளுமன்றங்களில் இவ்வுரிமைக்காக எழுந்த முதற் பேச்சு இதுவெனப் பலரும் கூறுவர். அவ்விண்ணப்பத்திற் பின்னர் கையொப்பமிட்டோர் வரிசையில் கவுட்ஸ்கி, ஐன்ஸ்ரைன், தோமஸ் மான், ஓவியர் கெத்தே கொல்விட்ஸ் ஆகியோரைக் காண்கின்றோம்.

அதே கட்சியின் பத்திரிகை 1902 நவம்பரில் செய்த காரியத்தையும் பேசாமல் விடலாகாது. பீரங்கி வணிகத்தால் ஐரோப்பாவின் பெருஞ் செல்வர்களுள் ஒருவராயிருந்த ஃபிரெட்ரிக் அல்ஃபிரட் கிரப், கப்ரித் தீவிலே இளைஞரோடு நடத்திய வாழ்க்கை பற்றி 'ஃபோர்வேர்ட்ஸ்' என்ற அவ்வேடு விவரமாக எழுதிற்று. சட்டத்தின் அநீதியை எடுத்துக் காட்டவே எழுதினோம் என்று காரணமும் கூறிற்று. ஒரு வாரத்துள் கிரப் மாண்டார். தற்கொலை என்றே பலரும் கருதினர். கிரப்பின் ஆலைகளில் உழைத்தோர் வியர்வையைப் பற்றி எழுத அவ்வேட்டுக்கு ஆயிரம் பொருள் இருந்திருக்கும். பகைவனை வீழ்த்தக் கையிற் கிடைத்த எந்தக் கல்லும் ஆகும் என்ற எண்ணம், அக்கல் வேறு யார் யார்மீது விழும் என்பதைச் சிந்திப்பதில்லை. முப்பது ஆண்டுகளின் பின் இத்தவறு மேலும் கொடிய விளைவோடு திரும்பி வரவிருந்தது.

1918ஆம் ஆண்டுப் புரட்சி கெய்சரை விரட்டிற்று; 175ஆம் பிரிவை விரட்டவில்லை. எனினும் பேசும் உரிமை கிடைத்தது. 1919 ஜூலையில் ஹிர்ஷ்ஃபெல்ட் பேர்லினிலே பாலியல் விஞ்ஞான நிலையத்தைத் திறந்தார். நூலகமும் வைத்தியசாலையும் அரும்பொருட் காட்சியும் ஒருங்கே கொண்டிருந்த அந்நிலையத்தில் ஏழைத் தொழிலாளர்க்குக் கருத்தடை ஆலோசனையும் வழங்கப்பட்டது. கிழக்கிலோ, ஒக்டோபர் புரட்சி ஜார் காலத்துச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. இரஷ்யக் குடியரசின் 1922ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இக்குற்றம் இடம்பெறவில்லை. 1926இல் ஹிர்ஷ்ஃபெல்ட் மொஸ்கோவுக்கும் லெனின்கிராட்டுக்கும் சென்று வந்தார். ஜேர்மனியில் சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் மற்றெல்லாவற்றிலும் முரண்பட்டு நின்றபோதும் இந்த ஒன்றில் உடன்பட்டனர். 1929 ஒக்டோபர் 16ஆந் திகதி பாராளுமன்றத்தின் தண்டனைச் சட்டக் குழு, புதிய சட்ட வரைவிலிருந்து இப்பிரிவை நீக்குவதென 15க்கு 13 வாக்குகளாற் தீர்மானித்தது. குழுவின் தலைவர் வில்ஹெல்ம் கால், வலதுசாரிக் கட்சியொன்றைச் சேர்ந்த முதிய சட்டப் பேராசிரியர். அவரும் நீக்கத்துக்கே வாக்களித்தார். வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் நின்றது.

அது வாய்க்கெட்டவில்லை. எட்டு நாட்களின் பின் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930 மார்ச்சில் கூட்டாட்சி கவிழ்ந்தது. பாராளுமன்றம் ஜனாதிபதியின் அவசரக் கட்டளைகளுக்குத் தலையாட்டும் பொம்மையாயிற்று. சட்ட வரைவு சபையின் முழு அமர்வுக்கு வரவேயில்லை. வரலாற்றில் உரிமைகள் பெரும்பாலும் இவ்வாறுதான் தவறிப் போகின்றன. எதிர்ப்பினால் மட்டுமல்ல, தாமதத்தினாலும்.

ஹிர்ஷ்ஃபெல்ட் 1930 இறுதியில் உலகப் பயணம் புறப்பட்டார். அமெரிக்கா, யப்பான், சீனா, ஜாவா வழியாக 1931இல் இலங்கைக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்தார். இந்தியா அடிமைப்பட்டுக் கிடப்பதைப் பெரும் அநீதியெனக் கண்டித்து எழுதிய ஐரோப்பியர்களுள் அவர் ஒருவர். அவர் வந்திறங்கிய அன்றைய கொழும்பிலும் பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை, 365ஆம் பிரிவின் கீழ் இதே செயலை இயற்கைக்கு மாறான குற்றமாக்கியிருந்தது. பிரஷ்யா பவேரியாவுக்குச் செய்ததை இலண்டன் நமக்குச் செய்தது எனலாம். ஜேர்மனியில் 175ஆம் பிரிவு ஒழிந்த மறுவருடம், அதாவது 1995இல், இலங்கைப் பாராளுமன்றம் 365அ பிரிவைத் திருத்தியது. ஒழிப்பதற்கன்று, 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றிப் பெண்களையும் அதனுள் அடக்குவதற்கு! பிரித்தானியரே நம்மீது சுமத்தாத சுமையை நாமே தேடி ஏற்றுக்கொண்டோம். இப்பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தமையையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மீண்டும் ஜேர்மனிக்கு வருவோம். இட்லரின் புயற்படைத் தலைவன் ஏர்ன்ஸ்ட் ரோம் தன்பால் விழைவோன் என்பது 1931இல் இடதுசாரி ஏடுகளுக்குத் தெரிய வந்தது. அவனுடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியிடப்பட்டன. தொழிலாளர் தலைவர்களைத் தெருவிலே அடித்துக் கொன்ற கூட்டத்தின் தலைவனைத் தாக்க, அவன் செய்த கொலைகள் போதாவென்று அவன் படுக்கையை எடுத்துக்கொண்டனர். அதே பேபலின் கட்சியைச் சேர்ந்த பத்திரிகைகளும் இதில் முன்னின்றன. எழுத்தாளர் குர்ட் துகோல்ஸ்கி ஒருவர் 1932இல் இதனைக் கண்டித்து எழுதினார். 175ஆம் பிரிவை எதிர்ப்பவர்கள் அதே பிரிவின் மொழியிற் பேசலாமா என்பது அவர் வினா. கேட்பார் சிலரே.

1933 மே 6ஆந் திகதி நாஜி மாணவர்கள் வாத்தியம் முழங்கப் பாலியல் விஞ்ஞான நிலையத்துட் புகுந்து சூறையாடினர். நான்கு நாட்களின் பின் அதன் நூல்கள் பேர்லின் ஒப்பரா சதுக்கத்தில் மார்க்சின் நூல்களோடு சேர்ந்து எரிந்தன. நாடு திரும்ப இயலாதிருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் தன் வாழ்நாளின் உழைப்பு எரிவதைப் பாரிஸ் நகரின் படமாளிகையொன்றிலே செய்திப் படமாகக் கண்டார். 1935 மே 14ஆந் திகதி, தம் 67ஆவது பிறந்தநாளில், நீஸ் நகரில் காலமானார்.

ரோமை இட்லரே 1934 ஜூலை முதலாந் திகதி கொல்வித்தான். அதிகாரப் போட்டிதான் காரணமெனினும் ஒழுக்கத்தின் பெயரால் அது நியாயப்படுத்தப்பட்டது. ஓராண்டின் பின், 1935 ஜூன் 28ஆந் திகதி, 175ஆம் பிரிவு திருத்தப்பட்டது. 'இயற்கைக்கு மாறான' என்ற அடைமொழி நீக்கப்பட்டது. ஒரு சொல் குறைந்ததே, சட்டம் தளர்ந்ததோ என எண்ண வேண்டாம். அச்சொல் இருந்தவரை நீதிமன்றங்கள் குறிப்பிட்ட ஒரு செயலை நிரூபிக்குமாறு கேட்டன. அது போனபின் உடல் தொடவேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று. புதிதாகச் சேர்ந்த 175அ பிரிவு பத்தாண்டு வரை கடுந்தண்டனை விதித்தது. 1936இல் தன்பால் விழைவையும் கருச்சிதைவையும் ஒழிக்க ஒரே தலைமை அலுவலகம் அமைத்தான் இம்லர். இரண்டையும் ஒரே அலுவலகத்தில் ஏன் சேர்க்க வேண்டும்? போருக்குப் போர்வீரர் வேண்டும். பிள்ளை பெறாத ஆணும் பிள்ளையை மறுத்த பெண்ணும் அவ்வரசின் கணக்கிலே ஒரே வகைக் கடனாளிகள். 1934இல் ஆயிரத்துக்கு உட்பட்டிருந்த தண்டனைத் தீர்ப்புகள் 1938இல் 8,000ஐத் தாண்டின. நாஜி ஆட்சி முழுவதிலும் ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர். 5,000 முதல் 15,000 வரையிலானோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் சட்டையில் தைக்கப்பட்ட அடையாளம் இளஞ்சிவப்பு முக்கோணம். பெண்கள் இப்பிரிவுக்கு வெளியே இருந்தனர். கருணையினாலன்று, பெண்ணின் விருப்பத்தை ஒரு பொருட்டாக அவ்வரசு மதிக்காமையினால்.

இக்கொடுமை தொடங்கிய வேளையிலேதான் சோவியத் நாடும் பின்னோக்கி நடந்தது. 1934 மார்ச்சில் அங்கு இது மீண்டும் குற்றமாயிற்று. ஐந்தாண்டு வரை சிறை. மக்சிம் கோர்க்கி அதே ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலே தன்பால் விழைவைப் பாசிசத்தோடு இணைத்துப் பேசினார். மொஸ்கோவில் ஆங்கிலப் பத்திரிகையொன்றிற் பணியாற்றிய பிரித்தானியக் கம்யூனிஸ்டு ஹரி வைட், தன்பால் விழைவோன் ஒருவன் கட்சி உறுப்பினனாயிருக்கத் தகுதியுடையவனா என்று கேட்டு, மார்க்சிய நியாயங்களை நிரைப்படுத்தி, ஸ்டாலினுக்கு நீண்ட கடிதமெழுதினார். வசைக் குறிப்பொன்றைத் தாங்கி அக்கடிதம் ஆவணக் காப்பகத்துட் போயிற்று. பேர்லினில் இட்லர் அவர்களைப் போல்ஷெவிக் நச்சு என்றான். மொஸ்கோவில் அவர்களைப் பாசிச நச்சு என்றனர். தோமஸ் மானின் மகன் கிளவுஸ் மான், நாடிழந்து அலைந்த நிலையிலும் 1934 இறுதியில் இதனைச் சுட்டிக்காட்டி, இடதுசாரிகள் புதியதொரு பலியாட்டைத் தேடிக்கொண்டனர் என்ற கருத்துப்பட எழுதினார். 175ஆம் பிரிவை எதிர்த்து 1931இல் நூலெழுதிய கம்யூனிஸ்டுச் சட்டவறிஞர் ஃபீலிக்ஸ் ஹல்லே, இட்லரிடமிருந்து தப்பி மொஸ்கோ சென்றவர், 1937இன் களையெடுப்பில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் சட்டம் 1993இலேதான், அந்நாடே மறைந்த பின், இரஷ்யாவில் நீக்கப்பட்டது. சமதர்மத்தின் பெயரால் நிகழ்ந்தமையால் இதனைச் சிறிய பிழையென்று கடந்து செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

1945இல் முகாம்களின் கதவுகள் திறந்தன. இளஞ்சிவப்பு முக்கோணம் அணிந்தோருட் சிலர் எஞ்சிய தண்டனையைக் கழிக்கச் சாதாரணச் சிறைக்கு மாற்றப்பட்டனர். ஜேர்மனி இரண்டானபோது சட்டமும் இரு வழியிற் சென்றது. மேற்கு ஜேர்மனி, தன்னைச் சுதந்திர உலகின் காவலன் என்று விளம்பரப்படுத்திய அந்த முதலாளித்துவக் குடியரசு, நாஜிகள் எழுதிய 1935ஆம் ஆண்டு வாசகத்தை எழுத்துக்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டது. 1957 மே 10ஆந் திகதி அதன் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்வாசகம் நாஜித் தன்மை வாய்ந்ததன்று, ஒழுக்க நெறிக்கு ஏற்றது என்று தீர்ப்பளித்தது. 1969 வரை ஏறத்தாழ 50,000 பேர் அங்குத் தண்டிக்கப்பட்டனர். நாஜி ஆட்சி தண்டித்த தொகையும் இதுவே என்பதை வாசகர் மறந்திரார். முகாமிலிருந்து மீண்டவனை, அதே சட்டத்தின் கீழ், சில வேளைகளில் அதே நீதிபதி மீண்டும் தண்டித்த நாடு அது.

கிழக்கு ஜேர்மனியில் 1950இல் பேர்லின் மேல் நீதிமன்றம் நாஜித் திருத்தத்தைத் தள்ளி, 175ஆம் பிரிவைப் பழைய வாசகத்துக்குத் திருப்பிற்று. ஆயினும் 175அ பிரிவை விட்டுவைத்தது. டிரெஸ்டன் நகரின் வைத்தியரும் கம்யூனிஸ்டுமான ருடோல்ஃப் கிலிம்மர், பேபலின் கட்சி மரபை நினைவூட்டி, பிரிவை முழுமையாய் நீக்குமாறு ஆண்டுக்கணக்காக மன்றாடினார். இளஞ்சிவப்பு முக்கோணத்தோரையும் பாசிசத்துக்குப் பலியானோராக ஏற்கவேண்டும் என்று கேட்டார். ஏற்கப்படவில்லை. எனினும் 1957 இறுதியில் வந்த திருத்தத்தின் பின் வளர்ந்தோரிடையேயான உறவின்மீது வழக்குத் தொடுப்பது நடைமுறையில் நின்றது. 1968இன் புதிய சட்டக்கோவையில் 175ஆம் பிரிவே இல்லை. மேற்கு ஓராண்டு பிந்தி, 21 வயதுக்கு மேற்பட்டோர்க்கு மட்டும் விலக்களித்தது. 1987இல் கிழக்கின் உச்ச நீதிமன்றம் இவர்களும் சமதர்ம சமுதாயத்துக்கு அந்நியர் அல்லர், பிற குடிமக்களுக்குள்ள உரிமை இவர்க்கும் உண்டு எனக் கூறிற்று. வயதெல்லையில் எஞ்சியிருந்த வேறுபாடும் 1989 ஜூலையில் நீங்கிற்று. இதே அரசின் இரகசியப் பொலிஸ் இவர்களுடைய சிறு குழுக்களுக்குள் ஒற்றர்களை அனுப்பிக்கொண்டிருந்தது என்பதும், 1985இல் ராவன்ஸ்புரூக் முகாமில் அஞ்சலி செலுத்தச் சென்ற பெண்களைத் தடுத்தது என்பதும் அவ்வளவே உண்மை. சட்டம் திருந்தினாலும் சங்கம் அமைக்கும் உரிமையின்றேல் அச்சட்டத்தைக் காப்பது யார்? கிழக்கில் இப்பொருளில் எடுக்கப்பட்ட முதல் கதைத் திரைப்படம் 1989 நவம்பர் 9ஆந் திகதி இரவு கிழக்கு பேர்லினில் வெளியிடப்பட்டது. படம் முடிந்து வெளியே வந்தோர், மதில் திறந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டனர்.

1990இல் நாடு ஒன்றானபோது மேற்கின் சட்டங்களே கிழக்குக்கு விரிந்தன. விழுங்கப்பட்ட நாட்டின் தொழிற்சாலைகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடுண்ட கதை நாமறிந்ததே. ஆனால் 175ஆம் பிரிவைக் கிழக்குக்கு விரிக்க எவரும் துணியவில்லை. நான்காண்டுகள் ஒரே நாட்டில் இரு சட்டங்கள் நிலவின. பின்னர் 1994 ஜூன் 11ஆந் திகதி மேற்கும் அதனைக் கைவிட்டது. 1871இன் ஒருமைப்பாடு பவேரியனுக்கு விலங்கு பூட்டிற்று. 1990இன் ஒருமைப்பாட்டிலோ விழுங்கப்பட்ட பாதியின் சட்டம் விழுங்கிய பாதியின் விலங்கை உடைக்க உதவிற்று.

நாஜிகள் வழங்கிய தீர்ப்புகளைப் பாராளுமன்றம் 2002இல் செல்லாதனவாக்கிற்று. 1945க்குப் பிந்திய தீர்ப்புகளுக்கு அது நேர, இன்னும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஒரு குடியரசின் நீதிமன்றத் தீர்ப்பை அதே குடியரசு எவ்வாறு தள்ளும் என்று சட்ட வல்லுநர் வாதாடிக்கொண்டிருந்தனர். 2017இல், தன்பாலினத்தார் திருமணத்தைப் பாராளுமன்றம் ஏற்ற அதே ஆண்டில், அத்தீர்ப்புகளும் நீக்கப்பட்டன. நட்டஈடாகத் தீர்ப்பொன்றுக்கு 3,000 யூரோவும், சிறையிற் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,500 யூரோவும் கொடுப்பதென முடிவாயிற்று. கிலிம்மர் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இறந்துவிட்டார். தண்டனை பெற்றோருட் பெரும்பாலோரும் அவ்வாறே.